உரிக்காமல் விட்ட தோல்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று. இறந்துபோன என் தங்கையின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் இன்று யார் வாசலிலும் போய் நிற்காமல் பிழைக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப் போவதில் பெருமைக்கு இடமில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நித்யா எழுதுகிறாள். காலேஜில் படிப்பவள், என் பேச்சை எழுத்தாக்கத் தெரியும். எதையும் அழகுபடுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுதச் சொன்னது உமா அம்மா. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்குப் பின்னால், சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. சின்ன ரயில்கள் ஓடுவதற்கு மலையும் குகையும் வயலும் செய்யும் பட்டறை அது. கையளவு ரயில் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும். அது ஓடுகிற ஊரை நாங்கள் செய்வோம். பெங்களூர், சென்னை என்று வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடங்களும் வாங்கும். உமா அம்மாவின் அப்பாதான் பட்டறையைத் தொடங்கியவர். அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். இப்போது அவர் இல்லை, மகள் நடத்துகிறார். பட்டறையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "பச்சையம்மா, எழுத்துப் படிக்காமயே போர்டு எது நல்லது, எது கெட்டதுனு விரல்லயே சொல்லுவீங்களே, அதச் சொல்லுங்க. இப்ப வர்ற பொண்ணுங்களுக்கும் உதவும்" என்றார். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

பட்டறைக்கு வருவதற்கு முன் நான் கட்டட வேலையில் சித்தாள். ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்க நீல நிற போர்டு பரப்பி, அதன்மேல் ஓடு பதித்துக்கொண்டிருந்தோம். தூக்கினால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஏறி நின்றால் அமுங்காது. மீந்த துண்டுகளைக் கேட்டுச் சார் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று இங்கே வந்தவர். மேஸ்திரி குவியலைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் வெயிலில் கிடந்ததை ஒரு பக்கமும், நிழலில் இருந்ததை ஒரு பக்கமும் பிரித்துக் கொடுத்தேன். ஏன் பிரிக்கிறாய் என்று சார் கேட்டார். "வெயில்ல கெடந்தது மேல மஞ்சளா மாவு விடுதுங்க. அதுல எதுவும் ஒட்டாது" என்றேன். அடுத்த மாதமே பட்டறையில் சேர்ந்துவிட்டேன். நான் வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். மீதியைக் கையே கற்றுக்கொண்டது.

இப்போது போர்டு.

வெள்ளைத் தெர்மாகோல் மலைக்கு ஆகாது. கத்தி வைத்தால் முத்து முத்தாக உதிரும். அந்த முத்து கையை விடாது, புடவையை விடாது. தண்டவாளத்தில் ஒன்று விழுந்தால் போதும், இஞ்சின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிடும். மஞ்சள் போர்டு என்று ஒன்று உண்டு. அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே கிடக்கும். சீவினால் இருமல் வரும். நீல போர்டுதான் வேண்டும். அதிலும் எல்லா நீலமும் ஒன்றில்லை. ஓரத்தில் விரல் நீளத்துக்கு உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த இடம் ரவை மாதிரி நெருக்கமாக இருந்தால் நல்லது; ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் தள்ளு. பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. நகத்தை எதிர்த்து நின்று, தடம் மட்டும் விழுந்தால் தண்டவாளத்துக்கு அடியில் வைக்கலாம். கொஞ்சம் உள்ளே போனால் மலைச்சரிவுக்கு. அதற்கும் மேல் போனால் எதற்கும் ஆகாது. பிறகு போர்டைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தின் வழியே பார்க்க வேண்டும். ஒரு விரல்கடைக்கு வளைந்திருந்தாலும் குகை வாய் கோணும்.

கடைசியாகத் தோல். சில போர்டுகளில் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நாங்கள் அதைத் தோல் என்போம். மூலையில் நகம் கொடுத்துத் தூக்கினால் முழுசாக உரிந்து வரும். உரிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டினால், பசை தோலைப் பிடிக்குமே தவிர போர்டைப் பிடிக்காது. பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் தோலை உரித்துக் கொடுப்பதும் என் வேலை. வாங்கி அடுக்கி ஒட்டுவது அடுத்தவள் வேலை.

சாரின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும் வரை நமக்கு மூச்சு வராது. 'இருக்கும்', 'போல' என்ற பேச்சே அவரிடம் செல்லாது. "போர்டு காஞ்சிருக்கும் சார்" என்றால், "இருக்கும்னு சொல்லாதீங்க. காஞ்சிருக்கா, இல்லையா?" என்பார். சிக்னலில் வேலை பார்த்தவருக்குச் சிவப்பும் பச்சையும்தான் தெரியும். நடுவில் ஒன்று கிடையாது. அப்படிப்பட்டவர் என் விரலை மட்டும் கேள்வி கேட்டதே இல்லை. வாங்க வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க தொட்டுட்டா நான் பார்க்க மாட்டேன்" என்பார். எனக்குத் தலை கொட்டகைக் கூரையை இடிக்கும்.

தேவகி என்னைவிட இருபது வயது இளையவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் சரியில்லை, ஒரே மகள். மணிலாக்கொட்டைக் கழனியில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், பத்தாவது படித்திருக்கிறாள் என்று சேர்த்துக்கொண்டோம். ஒட்டுகிற வேலை அவளுடையது. நல்ல கை. வெயில் காலத்தில் கிண்ணத்தில் பசை ஆடை கட்டிவிடும் என்று, விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு சொட்டுத் தெளித்துக்கொள்வாள். சார் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் தெளிப்பாள், அதனால் ஒன்றும் கெட்டதில்லை.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும்.

வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மலை ரயில் கேட்டிருந்தார்கள். ஆள் உயர மலை, நடுவில் ஒரு நீளமான குகை. அதுவரை நாங்கள் செய்ததில் அதுதான் பெரிது. போர்டு லாரி வந்த அன்று பௌர்ணமி. சாயந்திரத்துக்குள் கிரிவல ரோட்டை அடைத்துவிடுவார்கள், அதற்குள் லாரி திரும்ப வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கட்டுக் கட்டாக இறக்கினோம். எப்போதும் வருகிற கடையின் சரக்கு இல்லை, புதுச் சரக்கு. அதே நீலம், நல்ல கனம். உடைத்துப் பார்த்தேன், ரவை. அழுத்திப் பார்த்தேன், தடம் மட்டும். மேல் பக்கம் கட்டைவிரலால் தேய்த்தேன். வழவழ என்று இருந்தது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மூலையில் நகம் கொடுத்துப் பார்க்கவில்லை. தோல் இல்லை என்று தேவகி பக்கம் தள்ளிவிட்டேன்.

தேவகி ஒரு போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, இது இன்னா இப்பிடி மின்னுது? தோல் இருக்கும் போலக்கா."

"இருக்கும் போலன்னா இன்னாடி? இருக்கா, இல்லையா?" என்று சார் மாதிரியே கேட்டேன். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே கட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கிழித்து எடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். "ஏதோ போட்டிருக்குதுக்கா, ரிமூவ்..." என்று ஆரம்பித்தாள். நான் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

"படிச்சவளா இருந்தா ஆபீஸ்ல போய் உக்காரு. நான் தொட்டுப் பாத்துட்டேன். நீ உன் பசையப் பாரு."

அவள் முகம் சுண்டிப்போனது. "கோச்சிக்காதக்கா, சும்மா சொன்னேன்" என்று போர்டைத் தூக்கிக்கொண்டு போனாள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

மலை எழும்பியது. அடுக்கடுக்காக ஒட்டி, குச்சி குத்தி, காய வைத்து, சீவி, மேலே துணியும் பிளாஸ்டர் மாவும் போட்டு வண்ணம் அடித்தோம். பார்த்தவர்கள் கண் வைக்கிற அளவுக்கு வந்தது. மூடிய வேனில், நல்ல வெயிலில், வேலூருக்குப் போனது. திறப்பு நாளுக்குச் சார் என்னையும் தேவகியையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் கிளம்பிற்று. வயலைத் தாண்டிற்று, பாலத்தைத் தாண்டிற்று, குகைக்குள் போயிற்று. பிள்ளைகள் அந்தப் பக்கத்து வாயைப் பார்த்துக் கைதட்டினார்கள். ரயில் வரவில்லை. இன்னும் தட்டினார்கள். பிறகு ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளைகள் போன பிறகு சார் மலையின் பின்பக்கத்தைத் திறந்தார். குகைக்கு மேலே இருந்த அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி, கூரை இரண்டு விரல்கடை இறங்கி, இஞ்சினை அமுக்கிக்கொண்டிருந்தது. சார் ஓர் அடுக்கைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அதன் அடியிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு படலம் சுருண்டு தொங்கியது. காய்ந்த பசையும் அப்படித்தான் இருக்கும்.

"பசை பிடிக்கவே இல்ல. ஆடையா உரிஞ்சு வருது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் குனிந்து நின்றேன். அந்தப் படலம் போர்டின் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. தேவகி விளிம்பில் பசை போட மாட்டாள்; பிதுங்கும் என்று மூன்று விரல் விட்டுத்தான் போடுவாள். பசை இல்லாத இடத்தில் படலம் எப்படி வரும்? எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அது பசை இல்லை. நான் உரிக்காமல் விட்ட தோல்.

சார் அடுத்த அடுக்கைப் பார்க்கத் திரும்பினார். நான் அந்த விளிம்புத் துண்டைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது என்று இத்தனை வருஷம் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். கை எதையும் தானாகச் செய்யாது.

மறுநாள் காலை, கொட்டகைச் சாவி என்னிடம் இருந்ததால், எல்லோருக்கும் முன்னால் போனேன். மீதி இருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூலையில் நகம் கொடுத்து, தோல் முழுவதையும் உரித்து, பின்னால் கொண்டுபோய்க் கொளுத்தினேன். நெருப்பு காட்டிய உடனே சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒன்பது மணிக்குச் சார் வந்தார். எல்லோரும் நின்றோம்.

"தேவகி, பசையில தண்ணி கலந்தீங்களா?"

"எப்பவும் ரெண்டு சொட்டு தெளிப்பேன் சார், வெயிலுக்கு."

"கலந்தீங்களா, இல்லையா?"

"கலந்தேன் சார். ஆனா அது..."

"வேண்டாம்னு சொல்லியிருந்தேனா, இல்லையா?"

"சொன்னீங்க சார்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் போர்டு மின்னுச்சு சார். நான் அன்னிக்கே அக்காகிட்ட கேட்டேன். பேப்பர்ல கூட ஏதோ போட்டிருந்துச்சு. அக்கா, நீயே சொல்லுக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாரும் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். என்னை வேலையை விட்டுக்கூட எடுத்திருக்க மாட்டார். கண்ணாடியைத் துடைத்திருப்பார், இனிமேல் என் விரலை நம்பாமல் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த அவ்வளவுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"எந்தப் பேப்பர்?" என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? பசை உன் வேலை."

சார் உள்ளே போய் மீதி இருந்த போர்டைத் தொட்டுப் பார்த்தார். தோல் இல்லை. வெளியே வந்து, "நீங்க வேற வேலை பார்த்துக்கோங்கம்மா" என்று தேவகியிடம் சொன்னார். அதற்கும் சத்தம் போடவில்லை.

அவள் அழவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு கொட்டகையில் பசை இளகலாக இருந்தாலே, "இன்னாடி, தேவகி பசையா?" என்று கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு போர்டைக்கூட நகம் கொடுக்காமல் விட்டதில்லை. என் விரலுக்கு இன்னும் பேர் கூடியது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள்.

சார் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். பழைய வேலைகளை ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே வந்தவர், வேலூர் மலையில் நின்றார். "அந்தத் தேவகி பொண்ணு நல்ல கை பச்சையம்மா. ஒரே ஒரு தப்பு. நான் அவசரப்பட்டுட்டேனோ?" என்றார். என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து 'டேனோ' என்று ஒரு சொல் வந்து அன்றுதான் கேட்டேன். எனக்காக அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "நீங்க செஞ்சது சரிதாங்க சார்" என்றேன். அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். அந்த நிம்மதியைக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

போன தை மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது.

"இன்னாக்கா, என்னைத் தெரியலையா? தேவகி."

அவள் என் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தாள். கழனி வேலைக்குத்தான் இன்னும் போகிறாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். "அந்த வேலைய ஏம்மா விட்டனு எம் பொண்ணு கேப்பாக்கா. பஸ்ஸு ஒத்துக்கலனு சொல்லி வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். பிறகு, ரசம் ஊற்ற வந்தவர் நகர்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, உன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி இல்ல? ரெண்டு சொட்டுனுதான் நெனப்பு. ஒருவேள கைதவறி ஜாஸ்தியா ஊத்திட்டேனோ? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். ரெண்டு சொட்டுதான்னு இப்ப எனக்கே நிச்சயமா சொல்ல வரலக்கா. நீ பாத்துகினுதான இருந்த? கம்மியாதான ஊத்தனேன்?"

என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கும் என்று இத்தனை வருஷம் பயந்திருந்தேன். அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் என் விரலின் பேரைக் காப்பாற்ற அவள் கையைக் கெடுத்துவிட்டேன்.

அப்போதும் சொல்லவில்லை. "பழசு எதுக்குடி இப்ப, சாப்புடு" என்றேன். அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். என் பதிலை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஜாஸ்தியாகத்தான் ஊற்றியிருக்கிறாள், அக்கா பெரிய மனசு பண்ணிச் சொல்லாமல் விடுகிறாள் என்று.

உமா அம்மா, போர்டு தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஒருத்தியைத் தப்பாக அனுப்பியது உங்கள் அப்பாவின் குற்றமில்லை. அவரை அனுப்ப வைத்தது நான். புத்தகத்தில் இதைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் என் பேரோடு போடுங்கள். தேவகி கலந்தது இரண்டு சொட்டுதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நித்யா எழுதுவதை நிறுத்தி நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் போக வேண்டும் என்று சொன்னேன். "நான் வேணும்னா அவங்ககிட்ட படிச்சுக் காட்டட்டா ஆயா?" என்கிறாள்.

வேணாம்மா. காகிதத்தப் பாத்துப் படிக்கற விஷயமில்ல அது. நான் என் வாயால சொல்லணும். நீ இப்ப மொதல்லேர்ந்து எனக்குப் படி. மெதுவாப் படி. 'எந்தப் பேப்பர்'னு கேட்டேன் பாரு, அந்த எடம் வந்தா மட்டும் நிறுத்தி, ரெண்டு மூணு தடவ படி. அங்கதான் எனக்கு நாக்கு பொரளும்.